பட்டியலா, கூரையா?

வீடு கட்ட அரசு தரும் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், தமிழ்நாட்டுக் கிராமங்களில் முதலில் வரும் கேள்வி எதில் அதிகம் என்பதுதான். பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசும் மாநிலமும் அதை 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. 2016இல் வைத்த தொகை, 2024இல் திட்டத்தை நீட்டித்தபோதும் ஏறவில்லை. அந்தப் பணத்துக்குக் கான்கிரீட் கூரை எழும்பாது என்பதால் தமிழ்நாடு தன் பங்குக்கு இன்னொரு 1.20 லட்சம் சேர்த்து 2.40 லட்சமாக்கியது. ஆக, ஒன்றிய அரசு தருவது 72,000, மாநிலம் தருவது 1.68 லட்சம். பெயர் ஒருவருடையது, பணம் ஒருவருடையது என்ற மேடைச் சண்டைக்கு மூலம் இந்தக் கணக்கு. மாநிலத்தின் 2024-25 நிதிநிலை அறிக்கையில் வந்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்திலோ வீட்டுக்கு 3.50 லட்சம்.

தொகை கிடக்கட்டும். உள்ளே நுழையும் வாசலே இரண்டுக்கும் வேறு.

பிரதமர் திட்டம் பட்டியலைப் பார்க்கிறது. 2011இல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்புதான் அதற்கு முதல் அடிப்படை. அதில் பெயர் இருந்தாலும் போதாது. தகுதி நீக்கும் நிபந்தனைகள் 13 இருந்தன. ஒன்றில் மாட்டினாலும் பெயர் போயிற்று. மோட்டார் பைக், ஃப்ரிட்ஜ், வீட்டில் லேண்ட்லைன் போன், மோட்டார் பொருத்திய மீன்பிடிப் படகு எல்லாம் அதில் அடக்கம். விடிந்ததும் பக்கத்து டவுனுக்குக் கொத்து வேலைக்குப் போகிறவர் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று வாங்கியிருந்தால், விதியின் கண்ணில் அவர் வசதியானவர். மீனவருக்கு அவர் பிழைப்பே குற்றம்! 2024இல்தான் இவற்றை நீக்கி நிபந்தனைகளை 10 ஆகக் குறைத்தார்கள். மாத வருமான வரம்பும் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ஆனது.

கனவு இல்லம் கூரையைப் பார்க்கிறது. இருப்பது குடிசையா, அதில் வீடு கேட்பவரேதான் குடியிருக்கிறாரா, மனை அவர் பெயரில் இருக்கிறதா என்று கேட்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுகிற சங்கதிகள் என்பதால் இந்த வாசலே நியாயமானது என்பேன். ஆனால் பார்க்கப் போகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். யார் வீட்டுக்கு முதலில் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

பரப்பிலும் வித்தியாசம் உண்டு. பிரதமர் திட்டத்தில் குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. கனவு இல்லத்தில் 360, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மிச்சம் 60க்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. கூடுதலாகக் கிடைக்கும் 91 சதுர அடியில் அடுப்படியைத் தனியாகப் பிரிக்கலாம்.

இரண்டும் ஒன்றுபோல் சறுக்குவது பணம் வரும் வரிசையில். அஸ்திவாரம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு என்று வேலை ஏற ஏற, ஓவர்சியர் வந்து போட்டோ எடுத்துப் பதிவேற்றிய பிறகே தவணை வங்கிக் கணக்கில் ஏறும். சிமென்ட்டும் கம்பியும் துறை மூலமாகவே வரும், விலையைக் கழித்துக்கொள்வார்கள். ஆனால் கொத்தனாருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி எண்ணிக் கொடுத்தாக வேண்டும். கையில் காசு புரளாதவர் தோட்டை அடகு வைக்கிறார், இல்லையென்றால் மகளிர் குழுக் கடன். பிரதமர் திட்ட விதியில் 70,000 ரூபாய் வரை வங்கிக் கடனுக்கு வழி உண்டு. கனவு இல்லத்துக்குக் கூட்டுறவு வங்கியைக் கைகாட்டுகிறார்கள். திண்ணைக்கே வந்து பணம் தருகிற குழுக் கடனை அவை இரண்டும் முந்துவது கடினம்.

நிலமில்லாதவருக்கு இடம் தேடித் தருவது மாநிலத்தின் பொறுப்பு என்கிறது பிரதமர் திட்டம். கனவு இல்லம், ஆட்சேபனையற்ற புறம்போக்கு என்றால் வரன்முறைப்படுத்தலாம் என்கிறது. ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் இருப்பவருக்கு அந்த வழியும் கிடையாது. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு மாதவாடகையில் கைகொடுக்கும் விதி இரண்டு திட்டங்களிலுமே இல்லை.