மருங்காபுரியிலிருந்து கோட்டை வரை: தமிழ்த் தட்டச்சின் பதிப்பு மாற்றங்கள்

சொற்செயலியின் புதிய பதிப்புக்கு மாறுவதா, கைவசம் இருப்பதையே வைத்துக்கொள்வதா என்று ஓர் அலுவலகம் யோசிக்கும்போது முதலில் விலையும் வசதியும்தான் கணக்கில் வரும். தமிழில் எழுதும் அலுவலகத்துக்கு அவற்றுக்கும் முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. பழைய கோப்பு புதிய பதிப்பில் தமிழாகத் திறக்குமா? தட்டச்சரின் விரல் பழகிய விசை அதே எழுத்தைத் தருமா? தமிழ்நாட்டு அலுவலகங்களில் கணினி நுழைந்த நாளிலிருந்து மென்பொருள் மாற்றங்கள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றில் தட்டி நின்றிருக்கின்றன.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களில் மருங்காபுரி ஒன்று. ஒரு காலத்தில் ஜமீன். 1989 மார்ச்சில் மதுரை கிழக்கோடு சேர்த்துத் தேர்தல் நடந்து, அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னம் மீண்டு வந்த தொகுதி என்பதால் அரசியல் நினைவுள்ளவர்களுக்குப் பெயர் பழக்கம்; 2008 மறுவரையறையில் அந்தத் தொகுதி மறைந்துவிட்டது. இத்தகைய ஒன்றியத்தில் எழுதப்படும் தாள் மேல்நோக்கியே பயணம் செய்கிறது. ஊராட்சியிலிருந்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், அங்கிருந்து திருச்சியில் ஆட்சியர் அலுவலகத்துக்கும், பின் சென்னையில் தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டைக்கும் போகிறது. காகிதமாகப் போனவரை எந்த இயந்திரத்தில் அடித்தது என்பது யாருக்கும் பொருட்டில்லை. கோப்பு மின்வடிவில் போகத் தொடங்கியதும், மேலே இருப்பவர் எந்த எழுத்துருவில் திறக்கிறாரோ அதையே கீழே இருப்பவரும் வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஆக, பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்றிய அலுவலகத்துக்குப் பெரும்பாலும் பெயரளவில்தான் இருந்தது.

இந்தக் கதையின் அடித்தளம் தட்டச்சு இயந்திரம். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போன ஆர். முத்தையா தமிழுக்கு வகுத்த விசைப்பலகையே பின்னர் வந்த இயந்திரங்களுக்கு வழிகாட்டி. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழ் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் தேவைப்பட்டன. சிற்றூர்களை அடுத்த நகரங்களில் தட்டச்சுப் பயிலகங்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். நிமிடத்துக்கு 30 சொல் ‘லோயர்’, 45 சொல் ‘ஹையர்’ என்ற தேர்வுகள் அரசு வேலைக்கான ஏணியாயின. மாதக்கணக்கில் பயின்று பெற்ற அந்த விரல் பழக்கம்தான் அலுவலகத்தின் உண்மையான முதலீடு. இயந்திரத்தை ஏலம் விடலாம். விரலை விட முடியாது.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போன்ற பழைய ஐகாரக் குறியை இழந்தன; ணா, றா, னா வழக்கமான காலுக்கு வந்தன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் இது நிம்மதி, சிறப்பு வடிவங்கள் குறைந்துவிட்டன. பழைய கோப்புகளையோ யாரும் திருத்தி அடிக்க வேண்டியிருக்கவில்லை; காகிதம் படிக்கத் தெரிந்தவருக்கு எப்போதும் திறந்தே கிடக்கும். கணினியில் இந்தச் சலுகை இல்லை.

1980களின் நடுவில் கனடாவில் கு. சீனிவாசன் உருவாக்கிய ‘ஆதமி’யும், மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’ மென்பொருளும் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தன. பிறகு விண்டோஸ் வந்தது. ஆளுக்கொரு எழுத்துருவும் வந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவிட்டால், கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். கண்ணுக்கு மட்டும் தமிழ். பாமினி எழுத்துருவில் ‘அ’ என்பது ஆங்கிலச் சிறிய எம், ‘ஆ’ என்பது பெரிய எம். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் புதிய வேர்ட் பதிப்பில் ‘அம்மா’ என்று அடித்தால் ‘ஆம்மா’ வந்தது. அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைப்பதே தமிழ்த் தட்டச்சர் கற்ற முதல் வேலை. உதவிக்கென்று சேர்த்த வசதி தொல்லையானதால், புதுப் பதிப்பு என்றாலே ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது.

டிஸ்கி என்ற குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளுக்குக் கணினியில் இடம் ஒதுக்கும் ஒரு முறையில், ‘இ’க்கு ஒதுக்கிய இடம் விண்டோசில் கண்ணுக்குத் தெரியாத மென்-இணைக்கோட்டுக்கு உரியது. சில நிரல்களில் ‘இ’ சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போயிற்று, டிஸ்கியின் 1.7 பதிப்பில் அதற்கு வேறிடம் கொடுத்தார்கள். ஒரு மென்பொருளில் ஒழுங்காக இருந்த கடிதம் இன்னொன்றில் சிதைவதற்குக் காரணங்கள் இவ்வளவு சிறியவை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை அடுத்து டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு தரமாக ஏற்றது. தமிழ்99 நன்கு சிந்தித்து அமைத்த பலகை: உயிர்கள் இடக்கையில், மெய்கள் வலக்கையில்; இரட்டிக்கும் இடத்தில் புள்ளி தானே விழும். இருந்தும், பயிலகத்தில் பழைய பலகையில் தேறி வந்தவருக்கு அது முதலிலிருந்து தொடங்குவதாகும். அரசு அலுவலகங்களில் பரவிய ‘வானவில்’ மென்பொருளும் எழுத்துருவும் நிலைத்ததற்கு, பழைய தட்டச்சு முறையிலேயே அடிக்கலாம் என்பது பெரிய காரணம். கணினி வந்த பின்னும் அரசுத் தட்டச்சர் பணிக்கு இயந்திரத் தட்டச்சுச் சான்றிதழ் தேவைப்பட்டது, சி.ஓ.ஏ. என்ற கணினிச் சான்றிதழ் அதன்மேல் கூடுதலாக வந்ததே தவிர, அதை அகற்றவில்லை.

ஒருங்குறி, அதாவது யூனிகோடு, 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தது. மேசைக் கணினியில் அது பயன்பட விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பி பதிப்பில்கூட மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் குறியிட்டு, நிறுவல் குறுவட்டையும் செருகினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அந்தக் குறுவட்டு யாரிடம் இருக்கிறது என்பதே சிறிய அலுவலகங்களில் புதிர். அடிக்கும் வரிசையும் வேறு. இயந்திரத்தில் ‘கொ’வுக்கு முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறி ககரத்தை முதலில் வைத்து ஒகரக் குறியைப் பின்னால் சேமிக்கிறது. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவசக் கருவிகள் இதற்குப் பாலம் கட்டின. விரல் பழைய வரிசையில் அடிக்க, கருவி அதை ஒருங்குறியாக மாற்றித் தந்தது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் பழைய கோப்புகளை மாற்றியது. மாற்றம் சாத்தியமானதில் வேர்டின் புதிய பதிப்புகளைவிட இந்தச் சிறு கருவிகளின் பங்கே அதிகம் என்று சொல்லலாம். 2007இல் வேர்ட் தன் கோப்பு வடிவத்தை மாற்றியபோது உலகம் முழுவதும் எழுந்த சலசலப்பு இங்கே சிறிய விஷயம். ஒத்திசைவுப் பொதியை இறக்கிக்கொண்டால் முடிந்தது.

அதே ஆண்டுகளில் வேறொரு வழியும் சோதிக்கப்பட்டது. தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், உரிமக் கட்டணம் கேட்கும் பதிப்புகளைத் துரத்துவதைவிட சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாறுவது மேல் என்று முடிவெடுத்து முதலில் தம் அலுவலகத்தையே மாற்றினார். செலவுக் கணக்கில் அதை மறுக்க முடியாது. ஆனால் துறைகள் அனைத்தும் பின்தொடரவில்லை. வானவில்லில் குவிந்த கோப்புகளும் விண்டோசில் பழகிய ஊழியரும் அதற்குத் தடை. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியபோது, பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவுமாறு துறைகளுக்கு மாநில அரசு அறிவுறுத்தியதும் இந்தப் பழைய எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி வந்த அரசாணை ஒருங்குறியை அரசின் தரமாக்கியது. ஒருங்குறி செயல்படாத இடங்களுக்கு, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் தரும் 16-பிட் டேஸ் குறியேற்றம் மாற்றாக அமைந்தது. அச்சகங்களை மனத்தில் வைத்த ஏற்பாடு இது. அவை பக்கம் அமைக்கப் பயன்படுத்திய பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது; ஒருங்குறித் தமிழ் அதில் வராது. ஸ்ரீலிபி போன்ற எழுத்துருத் தொகுப்புகள் டாங்கிள் என்ற பூட்டோடு விற்கப்பட்டன. கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கும் டி.டி.பி. கடைக்காரர் அந்தப் பூட்டுக்காகவே பழைய கணினியைக் காப்பாற்றி வைத்திருந்தால் அது பிடிவாதமல்ல, கணக்கு. பேஜ்மேக்கரின் இடத்தில் வந்த இன்டிசைனில் தமிழ் ஒழுங்காக அமையத் தொடங்கியது 2012ஐ ஒட்டித்தான். அதுவரை அவருக்கு மாற ஓர் இடமே இல்லை.

அரசாணைக்குப் பின்னும் வானவில் கோப்புகள் ஓயவில்லை. 2022இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் ‘கீழடி’ என்ற விசைப்பலகைச் செயலியையும் ‘தமிழி’ என்ற குறியேற்ற மாற்றியையும் இலவசமாக வெளியிட்டது. ஒன்று விரலுக்கு, மற்றொன்று பழைய கோப்புக்கு. மருங்காபுரி போன்ற ஒன்றியத்தின் தட்டச்சர் இப்போது எந்தப் பதிப்புச் சொற்செயலியை வைத்திருந்தாலும், அடித்தது ஒருங்குறியாக இருந்தால் திருச்சியிலும் கோட்டையிலும் அது தமிழாகவே திறக்கும். வானவில்லில் அடித்திருந்தால் அனுப்புமுன் மாற்றியாக வேண்டும்.