துவக்க ஏற்றி மீட்பு

துவக்க ஏற்றி மீட்பு என்பது, இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில் ஒன்றை மறுபடி நிறுவியபின் காணாமற்போகும் தேர்வுப் பட்டியலைத் திரும்பக் கொண்டுவரும் பராமரிப்புப் பணி.

தமிழகத்தில் இத்தகைய கணினிகளை ஊர்ப்புற வீடுகளுக்குக் கொண்டுசென்றது 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் உரிய திட்டம் அது.

விண்டோஸை அதன் பிரிவில் மட்டும் மறுபடி நிறுவினால் லினக்ஸ் அழியாது. அதற்குச் செல்லும் வழிதான் அடைபடும். பழைய பயாஸ் துவக்க முறையில், வட்டின் முதல் 512 பைட் பகுதியிலுள்ள, லினக்ஸின் துவக்க ஏற்றியான கிரப் நிரலின்மேல் விண்டோஸ் தன் நிரலை எழுதிவிடுகிறது. புதிய யூஇஎஃப்ஐ முறையில் கிரப் கோப்புகள் பெரும்பாலும் தப்பிவிடும். துவக்க வரிசை மட்டும் மாறும். அதைச் சரிசெய்தாலே பல வேளைகளில் போதும்.

அவ்வாறு சரியாகாவிட்டால், லினக்ஸ் பென்டிரைவில் கணினியைத் துவக்கி, பழைய லினக்ஸ் பிரிவை இணைத்து, அதனுள் நுழைந்து ‘கிரப்-இன்ஸ்டால்’, ‘அப்டேட்-கிரப்’ கட்டளைகளை இயக்க வேண்டும். 2021இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைந்திருக்கும்; பட்டியலில் விண்டோஸ் தெரியாவிட்டால் கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்த வசதியை இயக்க வேண்டும்.

பணிக்குமுன் முக்கியக் கோப்புகளை வேறு வட்டில் நகலெடுத்துக்கொள்க.