செவ்வியல் கல்வி (அமெரிக்கா)

லத்தீன், தருக்கம், பேச்சுக்கலை, பழம்பெரும் நூல்களின் வாசிப்பு ஆகியவற்றை மையமாகக் கொண்ட பள்ளிக் கல்வி முறை. அமெரிக்கக் குடும்பங்களுக்கு இது தனியார் பள்ளி, சார்ட்டர் பள்ளி, வீட்டுக்கல்வி என மூன்று வழிகளில் கிடைக்கிறது. பண்டைய மரபின் தொடர்ச்சி என்று சொல்லிக்கொண்டாலும், இதன் இன்றைய வடிவத்துக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

உண்மையான பழைய மரபு 1635-இல் தொடங்கிய பாஸ்டன் லத்தீன் பள்ளியிலிருந்து வருகிறது. லத்தீனும் கிரேக்கமும் தெரியாமல் அன்று கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. 1900 வாக்கில்கூட உயர்நிலைப் பள்ளி மாணவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் லத்தீன் படித்தனர். உயர்நிலைக் கல்வி எல்லோருக்கும் என்றானதும் தொழிற்பாடங்கள் நுழைந்தன. அரை நூற்றாண்டுக்குள் லத்தீன் படிப்போர் பத்தில் ஒருவர்கூட இல்லை. தொழிற்பாடங்களின் பக்கம் சாய மறுத்தவர்களில் ஒருவர் அடிமைத் தாய்க்குப் பிறந்த அன்னா ஜூலியா கூப்பர், 1902-இல் வாஷிங்டனின் எம் தெருப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானவர். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும் என்ற வாதத்தை ஏற்காமல் அவர்களுக்குச் செவ்வியல் பாடங்களைக் கற்பித்தார். செவ்வியல் கல்வியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் அவரைத் தாண்டிச் சென்றுவிடுவது வியப்பே.

இன்றைய வடிவத்துக்கு வித்திட்டவர் துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ். இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை மூன்றும் தனித்தனிக் கலைகள். 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் சேயர்ஸ் அவற்றைப் பிள்ளைகளின் மூன்று பருவங்களாக மாற்றினார்: கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கும் பருவம், எதிர்வாதம் பேசும் பருவம், தன்னை வெளிப்படுத்தத் துடிக்கும் பருவம். இது நடைமுறைக்கு வரும் என்று அவரே நம்பவில்லை. இடைக்காலத்தார் அறியாத இந்தப் பருவக் கணக்கே இன்று பல பள்ளிகளின் பாடத்திட்டத்துக்கு அடிப்படை.

1981-இல் ஐடஹோ மாநிலத்தின் மாஸ்கோ நகரில் டக்ளஸ் வில்சன் முதலானோர் தொடங்கிய லோகோஸ் பள்ளி, அந்த உரையைச் செயலுக்குக் கொண்டுவந்தது. அதைப் பின்பற்றி எழுந்த தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவப் பள்ளிகள், செலவு பெற்றோருடையது. மதச் சார்பின்றியும் இது முடியும் என்பதற்கு, சிகாகோவின் ஏழ்மைப் பகுதியில் மார்வா காலின்ஸ் 1975-இலேயே தொடங்கிய வெஸ்ட்சைடு பிரிப்பரேட்டரி பள்ளி சான்று. அங்கே சிறுவர்கள் ஷேக்ஸ்பியரைப் படித்தார்கள்.

சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் நடப்பது. கட்டணம் கிடையாது, விண்ணப்பங்கள் மிஞ்சினால் குலுக்கல், மதபோதனைக்கு இடமில்லை. இதற்கான முதல் சட்டம் 1991-இல் மின்னசோட்டாவில் வந்தது. அரிசோனாவில் தோன்றிய கிரேட் ஹார்ட்ஸ் பள்ளிகள், 2010 முதல் ஹில்ஸ்டேல் கல்லூரி துணைநின்று உருவாக்கிய பள்ளிகள் ஆகியவற்றால் செவ்வியல் பாடம் கட்டணமில்லாமல் பல குடும்பங்களை எட்டியது. பைபிளும் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டினின் எழுத்தும் அங்கே இலக்கியமாக, வரலாறாகப் படிக்கப்படலாம், வழிபாடாக முடியாது.

வீட்டுக்கல்வி 1993-க்குள் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லுபடியானது. ஜெஸ்ஸி வைஸ், மகள் சூசன் வைஸ் பாவர் இருவரும் 1999-இல் வெளியிட்ட 'தி வெல்-டிரெய்ன்ட் மைண்ட்' பெற்றோரின் கையேடானது. சமையலறை மேசையில் எட்டு வயதுக் குழந்தை 'மென்சா, மென்சே, மென்சே, மென்சாம், மென்சா' என்று வேற்றுமை உருபுகளை வாய்ப்பாடுபோல் ஒப்பிக்கும். லத்தீனே படித்திராத தாய், விடைப்புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். தருக்கமும் கட்டுரையும் வரும் வயதில் இந்த ஏற்பாடு திணறுகிறது. அப்போது பலர் 1997-இல் லீ போர்ட்டின்ஸ் தொடங்கிய கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ் போன்ற வாராந்தரக் குழுக்களை நாடுகிறார்கள்.

அண்மைக்காலத்தில் மூன்று வழிகளுக்கும் இடையிலான கோடு மங்கிவருகிறது. 2022-இல் அரிசோனா, பள்ளி வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கோ வீட்டில் படிக்கும் செலவுக்கோ அரசுப் பணத்தைக் கணக்கில் வழங்கத் தொடங்கியது. அரசின் ஏற்பும் கூடுகிறது: 2023-இல் ஃபுளோரிடா, செவ்வியல் பள்ளிகளை மனத்தில் வைத்து உருவான சி.எல்.டி. தேர்வை அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஏற்றுக்கொண்டது.