குவாண்டம் சாவிப் பகிர்வு

இரகசியச் செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் எண்வரிசையை, அதாவது சாவியை, ஒளித்துகள்களின் வழியே இருவர் பகிர்ந்துகொள்ளும் முறை. பூட்டிய செய்தி வழக்கமான தடத்திலேயே செல்லும்.

இதற்கு வித்திட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீஃபன் வீஸ்னர். கள்ளநோட்டு அடிக்க முடியாத குவாண்டம் பணத்தை அவர் 1970 வாக்கில் எண்ணிப் பார்த்தார். ஆய்விதழ் மறுத்த அந்தக் கட்டுரை 1983இல்தான் அச்சேறியது. அவர் எண்ணத்தை வளர்த்தெடுத்த சார்லஸ் பென்னட்டும் ஜில் பிரசாரும் 1984 டிசம்பரில் பெங்களூரு மாநாடு ஒன்றில் தம் நெறிமுறையை முன்வைத்தனர். பிபி84 என்று இன்றும் வழங்குவது அதுதான்.

அனுப்புநர் ஒவ்வோர் ஒளித்துகளையும் நான்கு முனைவாக்கத் திசைகளுள் ஒன்றில் அனுப்புவார். பெறுநர் இருவகை அளவீடுகளுள் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து அளப்பார். பிறகு இருவரும் அளவீட்டு வகையை மட்டும் வெளிப்படையாக ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைக் கழிப்பர். நடுவில் ஒருவர் எல்லாத் துகள்களையும் பிடித்து அளந்து மீண்டும் பெறுநருக்கு அனுப்பினால், எஞ்சியவற்றில் ஏறத்தாழ 25 விழுக்காடு பிழைபடும். அவற்றுள் சிலவற்றை ஒப்பிட்டாலே திருட்டு தெரிந்துவிடும், சாவியைக் கைவிடலாம்.

1989இல் ஐபிஎம் ஆய்வகத்தில் நடந்த முதல் சோதனையில் துகள்கள் கடந்த தொலைவு சுமார் 30 செ.மீ. மட்டுமே. முனைவாக்கத் திசைக்கேற்ப அந்தக் கருவியின் மின்வழங்கி வெவ்வேறு ஒலி எழுப்பியது. காது கேட்பவர் எவரும் சாவியை அறிந்திருக்கலாம். இயற்பியல் விதியில் ஓட்டையில்லை, கருவியில் இருந்தது. இத்துறையின் பிற்கால வரலாறு பெரும்பாலும் இந்த இடைவெளியை அடைக்கும் போராட்டமே. 2010இல் வாதிம் மகரோவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், விற்பனையில் இருந்த கருவிகளின் உணரிகளை வலுவான ஒளியால் குருடாக்கிச் சாவியைக் களவாட முடியும் எனக் காட்டினர். உணரியை நம்பவே தேவையில்லாத நெறிமுறை 2012இல் வெளிவந்தது.

தொலைவு அடுத்த தடை. கண்ணாடி இழை துகள்களை விழுங்கும்; குவாண்டம் நிலையைப் படியெடுக்க முடியாது என்பதால் வழியில் பெருக்கவும் இயலாது. எனவே 2017இல் திறக்கப்பட்ட சுமார் 2,000 கி.மீ. பெய்ஜிங்–ஷாங்காய் தடம் இடைநிலையங்களை நம்பியே இயங்குகிறது. அங்கே சாவி வெளிப்படும் என்பதால் ஒவ்வொரு நிலையத்துக்கும் காவல் வேண்டும். சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் வழியாக அதே ஆண்டில் பெய்ஜிங்கும் வியன்னாவும் சாவி பகிர்ந்தன. இந்தியாவில் 2022இல் பிரயாக்ராஜ்–விந்தியாசல் இடையே 100 கி.மீ.க்கு மேல் இணைப்பு காட்டப்பட்டது, 2023இல் ரூ.6,003 கோடித் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

அமெரிக்க, பிரிட்டானியப் பாதுகாப்பு அமைப்புகள் அரசுப் பயன்பாட்டுக்கு இம்முறையைப் பரிந்துரைப்பதில்லை. குவாண்டம் கணினியின் தாக்குதலைத் தாங்கக்கூடிய கணிதப் பூட்டுகளுக்கான தரங்களை அமெரிக்கா 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. இருக்கும் கணினிகளிலேயே நிறுவலாம் என்பதால், பொதுமக்களின் இணையத்துக்கு இன்று ஏற்றவை அவையே.