தாளம் போட்டவள் யார்?

‘தா’ என்றால் சிவனின் தாண்டவமாம், ‘ள’ என்றால் உமையின் லாசியமாம். இரண்டும் கூடித் தாளமாம். மேடைக்கு மேடை இதைச் சொல்லிப் பிள்ளைகளை நம்பவைக்கிறார்கள். லாசியத்தில் உள்ளது லகரம், தாளத்தில் உள்ளது ளகரம். வடமொழியில் அதுவும் லகரம்தானே என்பார்கள். அந்த வடமொழியில் 13ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் எழுதிய சார்ங்கதேவர், நிலைபெறுதலைக் குறிக்கும் ‘தல்’ என்ற வேரையே காட்டினார். எழுத்தைப் பிய்த்துப் பங்கு வைக்கவில்லை.

கலித்தொகைக் கடவுள் வாழ்த்தைப் பாருங்கள். கொடுகொட்டிக்குச் சீர், பாண்டரங்கத்துக்குத் தூக்கு, காபாலத்துக்குப் பாணி. ஆடுகிறவன் சிவன், மூன்றையும் தருகிறவள் உமை ஒருத்தியே. பாணி தாளத்தின் தொடக்கம், தூக்கு இடை, சீர் முடிவு என்பது உரை மரபு. இதில் எங்கே பாதிப் பாதி?

பாணி என்றால் கை, அது வடசொல் என்று ஒரு கட்சி உண்டு. ஏற்பதற்கில்லை. பாணித்தல் என்றால் தாமதித்தல், காலம் நீட்டித்தல். சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் கொட்டு அரை மாத்திரை, அசை ஒன்று, தூக்கு இரண்டு, அளவு மூன்று. நான்கையும் கூட்டிக் கட்டுவது பாணி. கணக்கு முழுவதும் காலத்தில் நடக்கிறது, கையில் அல்ல. ‘தஞ்சாவூர்ப் பாணி’ என்று வழிமுறைக்கு அச்சொல்லைக் கொடுத்துவிட்டு, தாளத்தில் அதை மறந்துவிட்டோம்.

நம் பழைய இசைச்சொற்கள் செயலிலும் உடம்பிலும் பிறந்தவை. அதியமான் மரபில் வந்த அஞ்சியைப் பாடிய ஔவை, புறநானூறு 89இல் தண்ணுமையின் அடிபடும் முகத்தைக் ‘கண்’ என்கிறாள்.

கருவிக்கும் தாளம் என்றே பேர். சம்பந்தர் திருக்கோலக்காவில் பெற்றது பொற்றாளம். அதற்கு ஓசை கொடுத்தவள் அம்மன் என்பதால் அவள் ஓசைகொடுத்தநாயகி. இங்கும் உமைதான்! தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர் கையில் இருப்பது கயிறு கோத்த வெண்கலக் கிண்ணம் இரண்டு. ஒன்றை அசையாமல் பிடித்து, மற்றதன் விளிம்பால் தட்டுவார். சேர்த்து அமுக்கினால் ஓசை அடங்கும். அதன் இன்னொரு பேர் சிங்கி. ‘சோற்றுக்குச் சிங்கி அடிக்கிறான்’ என்ற வழக்கு அந்தக் கலைஞர்களின் வயிற்றைப் பார்த்துப் பிறந்தது என்றே நினைக்கிறேன்.

பாணி தமிழ்ச்சொல், காலத்தின் பெயர். இசைப் பள்ளிகள் தாண்டவ லாசியக் கதையை எடுத்துவிட்டு, தாளப் பாடத்தைக் கலித்தொகையிலிருந்து தொடங்கட்டும்.