சமநிலை கண்ட கார்கள் சந்தையில் தோற்றது ஏன்?

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பார்கள். நல்ல பொருளைத் தேடி மக்கள் தாமே வருவார்கள் என்பது இதன் பொருள். ஆனால் இயந்திரங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், நல்ல பொருள் பல, வாங்குவார் இன்றி நின்றுபோயிருப்பதைக் காணலாம். அவற்றுள் ஒன்றை இங்குக் காண்போம். ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்டு, மூன்று முறை மூன்று பெயர்களில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, மூன்று முறையும் சந்தையில் தோற்ற ஒரு கார்க் குடும்பத்தின் கதை இது.

வளைவில் நிகழ்வது என்ன?

எஞ்சினுக்கு ஒரு பகுதி, ஆட்கள் அமர ஒரு பகுதி, சாமான் வைக்கப் பின்புறம் ஒரு பகுதி என மூன்றாகப் பிரிந்த, தாழ்வான காரைச் செடான் என்கிறோம். இத்தகைய கார் 'நல்ல சமநிலை உடையது' என்று வல்லுநர் சொன்னால் அதன் பொருள் என்ன?

மலைப்பாதையில் செல்லும் பேருந்தில் நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். வண்டி வளைவில் திரும்பும்போது உங்கள் உடல் வெளிப்பக்கமாகச் சாய்கிறதல்லவா? அதே போல் வண்டியின் பாரமும் உட்புறச் சக்கரங்களை விட்டு வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் எடை 1,600 கிலோ. இடது வலது சக்கரங்களுக்கிடையே தூரம் 1.6 மீட்டர்; வளைவில் ஏற்படும் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி என்று கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் 250 கிலோ பாரம் இடம் மாறும். அது 0.7 மீட்டர் உயரத்தில் இருந்தால் 350 கிலோ மாறும். டயரின் இயல்பு ஒன்றையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அதன்மேல் இரு மடங்கு பாரம் ஏற்றினால் தரையைப் பற்றும் வலிமை இரு மடங்காகப் பெருகுவதில்லை. சற்றுக் குறைவாகவே பெருகும். ஆதலால் நான்கு டயர்களும் பாரத்தை ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்துகொண்டால்தான் மொத்தப் பிடிப்பு மிகுதியாக இருக்கும். தாழ்ந்த ஈர்ப்பு மையமும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்த எடையும் வேண்டும் என்று பொறியாளர்கள் கூறுவது இதனால்தான்.

எலிசபெத்தில் பிறந்த கார்

ஹோல்டன் என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளையாக இருந்தது. அதன் முதல் கார் 1948-இல் வெளிவந்தது. 1978 முதல் அது செய்த 'கமடோர்' என்னும் செடான் அந்நாட்டுச் சாலைகளில் பெரும்புகழ் பெற்றது. அடிலெய்டு நகரை அடுத்த எலிசபெத்தில் இதன் தொழிற்சாலை இயங்கியது.

2006-இல் வெளிவந்த கமடோர் முழுக்க ஆஸ்திரேலியாவிலேயே வடிவமைக்கப்பட்டது. அதை உருவாக்க ஆன செலவு ஏறத்தாழ நூறு கோடி ஆஸ்திரேலிய டாலர். கனமான மின்கலத்தை எஞ்சினுக்கு அருகில் வைக்காமல் பின்புறச் சாமான் பகுதிக்கு மாற்றினார்கள். இத்தகைய ஏற்பாடுகளால் முன் பின் எடை ஏறத்தாழச் சமமாயிற்று. திருப்பும் வேலையை முன் சக்கரங்களும், உந்தும் வேலையைப் பின் சக்கரங்களும் பகிர்ந்துகொண்டன.

மூன்று பெயர்கள், மூன்று தோல்விகள்

இதற்கு முந்தைய கமடோரிலிருந்து பிறந்த இரு கதவுக் கார் ஒன்று, 'பான்டியாக் ஜி.டி.ஓ.' என்ற பெயரில் 2004 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்பனையாயிற்று. அது 1964-இல் பிறந்த புகழ்பெற்ற பெயர். பெயரைக் கேட்டு வந்தவர்கள் அடங்கிய தோற்றத்தைக் கண்டு ஏமாந்தார்கள். மூன்று ஆண்டுகளில் சுமார் 40,000 கார்களே விற்றன.

அடுத்து 2008-இல், புதிய கமடோர் 'பான்டியாக் ஜி8' என்னும் பெயருடன் வந்தது. 6 லிட்டர் எஞ்சின், 361 குதிரைத்திறன். ஆனால் வந்த வேளை சரியில்லை. அந்த ஆண்டு ஜூலையில் ஒரு பீப்பாய்க் கச்சா எண்ணெயின் விலை 147 டாலரைத் தொட்டது. செப்டம்பரில் நிதி நெருக்கடி முற்றியது. 2009 ஏப்ரலில் பான்டியாக் என்னும் பெயரையே கைவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. ஜூன் மாதம் அந்நிறுவனமே திவால் நீதிமன்றத்தை நாடியது. ஜி8 காரின் மொத்த விற்பனை 40,000-ஐ எட்டவில்லை.

மூன்றாவது முயற்சி 2013-இன் இறுதியில் வந்த 'செவ்ரலே எஸ்.எஸ்.' 6.2 லிட்டர் எஞ்சின், 415 குதிரைத்திறன். 2015-ஆம் ஆண்டு மாதிரியில் அதிர்வு தாங்கிகளுக்குள் இரும்புத் துகள் கலந்த எண்ணெய் இருந்தது. மின்காந்தப் புலம் பட்டதும் இவ்வெண்ணெய் நொடியின் சிறு பகுதிக்குள் இறுகும். புலம் நீங்கினால் இளகும். சாலைக்கேற்பக் கார் தன்னைத் திருத்திக்கொள்ள இது உதவியது. எழுத்தாளர்களும் ஓட்டுநர்களும் போற்றினார்கள். விற்றதோ நான்கு ஆண்டுகளில் சுமார் 13,000.

இங்கே நாம் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். முதல் தோல்விக்குத் தோற்றம், இரண்டாவதற்கு நெருக்கடி என்று காரணம் கூறலாம். மூன்றாவதற்கு?

சட்டம் வகுத்த கோடு

1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப்பின், 1975-இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் ஒன்றை இயற்றியது. கார்களுக்கு ஓர் அளவு, சிறு லாரிகளுக்கு அதைவிடத் தளர்ந்த ஓர் அளவு என்று பிரிவு ஏற்பட்டது. உழவரும் தொழில் செய்வோரும் பயன்படுத்தும் வண்டிகளுக்குச் சலுகை தருவது அன்றைய எண்ணம். 1978-இல் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும் கார்களுக்குத் தனி வரியும் வந்தது. அதுவும் சிறு லாரி வகைக்குப் பொருந்தாது.

பின்னாளில் குடும்பங்களுக்கான உயரமான வண்டிகளும் சட்டத்தின் கண்ணுக்குச் 'சிறு லாரி' ஆயின. 1984-இன் ஜீப் செரோக்கியும் 1990-இன் ஃபோர்டு எக்ஸ்புளோரரும் இவ்வழியே பெருகிய வண்டிகள். விளைவைப் பாருங்கள். செவ்ரலே எஸ்.எஸ். வாங்கியவர் 1,300 டாலர் வரி சுமந்தார். அதே நிறுவனம் செய்த, அதே 6.2 லிட்டர் அளவு எஞ்சின் பூட்டிய பெரிய வண்டியை வாங்கியவருக்கு அந்த வரி இல்லை! உற்பத்தியாளருக்கும் உயரமான வண்டியிலேயே ஆதாயம் மிகுதி. ஆகவே செடானுக்கு விளம்பரம் செய்ய ஊக்கம் எங்கிருந்து வரும்? எஸ்.எஸ். காருக்கு விளம்பரம் அரிதாகவே செய்யப்பட்டது.

நாணய மாற்றும் எதிராக நின்றது. 2011-இல் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையே விஞ்சியது. அங்கே செய்து இங்கே விற்றால் மிச்சம் ஏது?

கண்ணுக்குப் படாத குணம்

இவை யாவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. உயரமான இருக்கை, விரிந்த சாமான் இடம் ஆகியவற்றைக் கடையில் நின்றபடியே காணலாம். குதிரைத்திறனைக் காகிதத்தில் படிக்கலாம். சமநிலையை எப்படிக் காண்பது? டயரின் பிடிப்பு எல்லையை நெருங்கும்போதுதான் அது வெளிப்படும். வேக வரம்பை மதித்து அலுவலகம் சென்று வருபவர் அந்த எல்லையை ஆண்டு முழுதும் தொடமாட்டார்.

தவறித் தொட்டாலும் காப்பாற்ற மற்றொரு கருவி வந்துவிட்டது. சக்கரங்களின் சுழற்சியையும் வண்டியின் திருப்பத்தையும் உணர்விகள் அளக்க, கணிப்பொறி தானே தேவையான சக்கரத்திற்கு மட்டும் பிரேக் போடுகிறது. இதுவே மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. அமெரிக்காவில் 2012 மாதிரி ஆண்டு முதல் இது கட்டாயமாயிற்று. உயரமான வண்டிகள் தடுமாறிக் கவிழும் ஆபத்தை இது பெரிதும் குறைத்தது. பல்லாயிரம் உயிர்களைக் காக்கும் கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் நல்ல அடித்தளம் உடைய காருக்கும் அஃது இல்லாத வண்டிக்கும் இடையே எளிய ஓட்டுநர் உணரும் வேற்றுமையையும் இது குறைத்துவிட்டது. இயற்பியலின் விதி மாறவில்லை, அது மறைக்கப்பட்டது.

ஆகவே வாங்குவோரை அறியாதவர் என்று இகழ்வது முறையன்று. குழந்தைகளையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்பவருக்கு உயரமான வண்டி நாள்தோறும் பயன் தருகிறது. சமநிலையின் பயன் என்றோ ஒரு நாள்தான் தெரிகிறது.

இழந்தது எது?

ஆஸ்திரேலியாவிலேயே நிலைமை மாறியிருந்தது. 1980-களில் 57.5 விழுக்காடாக இருந்த கார் இறக்குமதி வரி 2010-இல் 5 விழுக்காடாகியது. பதினைந்து ஆண்டுகள் விற்பனையில் முதலிடம் வகித்த கமடோரை 2011-இல் ஜப்பானின் மஸ்டா3 என்னும் சிறிய கார் பின்தள்ளியது. 2016-இல் முதலிடம் பெற்றது டொயோட்டா ஹைலக்ஸ் என்னும் சரக்கு வண்டி! அதே ஆண்டு அக்டோபரில், கமடோரின் நெடுநாள் போட்டியாளரான ஃபோர்டு ஃபால்கனின் உற்பத்தி நின்றது. 2017 அக்டோபர் 20 அன்று எலிசபெத் தொழிற்சாலை மூடப்பட்டது. கடைசி வரை அங்கிருந்த சுமார் 950 பேர் வேலை இழந்தனர். ஹோல்டன் என்னும் பெயரையே கைவிடும் முடிவு 2020 பிப்ரவரியில் வெளியாயிற்று.

எலிசபெத்தில் மறைந்தது ஒரு கார் மட்டும் அன்று. தாளில் கோடு வரைவது முதல் சாலையில் சோதிப்பது வரை, ஒரு காரை முழுமையாகத் தாமே படைக்கும் திறன் பெற்ற நாடுகள் உலகில் சிலவே. அத்திறன் ஏட்டில் எழுதி வைக்கத்தக்கது அன்று. தலைமுறை தலைமுறையாகக் கையிலும் கருத்திலும் வளர்வது. வேலை நின்றால் அதுவும் கலைந்துவிடும்.

விற்பனை நின்றபின் எஸ்.எஸ். காரைப் பழைய கார்ச் சந்தையில் தேடுவோர் பெருகினர். அந்தத் தேடலால் எலிசபெத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலியும் கிடைக்கப் போவதில்லை. பூக்கடையின் மணம் தெருவுக்கே எட்டும். சமநிலைக்கு அப்படி ஒரு மணம் இல்லை. அதைச் சொல்லி விளக்க ஆள் வேண்டும். உரிய காலத்தில் கேட்க ஆளும் வேண்டும்.