கத்தியும் கன்னமும்

என் தங்கை மகனுக்குச் சென்ற வருஷம் மீசை அரும்பிற்று. இந்த வருஷம் தாடியும் வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தை அநுபவிப்பதற்குள் அதை எப்படிப் போக்குவது என்ற கவலை அவனைப் பிடித்துக்கொண்டது. "மாமா! பிளேடு போட்டுச் சிரைத்துக் கொள்வதா, மின்சார யந்திரம் வாங்குவதா, களிம்பு தடவிக் கொள்வதா, ஸலூனுக்கே போய்விடுவதா? எது நல்லது?" என்று கேட்டான். கதை எழுதுகிறவனுக்குச் சகல விஷயமும் தெரியும் என்று நம்புகிற வயசு அவனுக்கு. தெரியாது என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

யோசிக்க உட்கார்ந்த பிறகுதான், இது எவ்வளவு பழைய கேள்வி என்று தெரிந்தது. அலெக்ஸாந்தர் தன் படை வீரர்களைத் தாடி எடுத்துவிடச் சொன்னானாம். சண்டையில் எதிரி பிடித்து இழுக்கத் தாடி நல்ல கைப்பிடி என்பது அவன் கட்சி. புளூட்டார்க் இதை எழுதி வைத்திருக்கிறார். நம் வள்ளுவரோ, துறவிகள் தலையை மழிக்கவும் வேண்டாம், சடை வளர்க்கவும் வேண்டாம், ஒழுக்கம் இருந்தால் போதும் என்று ஒரே குறளில் இரண்டு கட்சியையும் தீர்த்துவிட்டார்.

கத்தியே வேண்டாம் என்று இருந்தவர்களும் உண்டு. தேனியைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கினால் உத்தமபாளையம். அங்கே ஒரு பாறையில் சமண தீர்த்தங்கரர்களின் உருவங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் வட்டெழுத்துச் சாசனங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. சமண முனிவர்கள் கத்தியைத் தொடமாட்டார்கள். தலைமயிரையும் தாடியையும் கையாலேயே பறித்துக் கொள்வார்கள். இன்றைக்கும் அந்த விரதம் நடக்கிறது. இதை என் மருமகனிடம் சொன்னால் தாடி வளர்க்கவே தீர்மானித்துவிடுவான்.

அவன் கேட்ட களிம்பாவது புதிசா என்றால், அதுவும் இல்லை. புண்ணைச் சுற்றியுள்ள ரோமத்தைப் போக்கச் சங்குச் சுண்ணத்தையும் அரிதாரத்தையும் குழைத்துத் தடவும்படி சுசுருத ஸம்ஹிதை சொல்கிறது. துருக்கி தேசத்து ஸ்நான கட்டடங்களிலும் சுண்ணாம்பும் அரிதாரமும் கலந்த களிம்புதான். அரிதாரம் என்பது பாஷாணமும் கந்தகமும் சேர்ந்த சரக்கு. கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தால் ரோமத்தோடு தோலும் போகும். இந்தக் காலத்துக் களிம்பில் பாஷாணம் இல்லை. ஆனால் கந்தகச் சேர்க்கை உண்டு. அதைத் திறந்தவுடன் மூக்கைப் பிடித்துக் கொள்கிறோமே, அதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் ஊர் ஜனங்களுக்கு இந்த வழிகளெல்லாம் எதற்கு? அவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி, வாரம் ஒரு முறை, கையில் அடைப்பத்துடன், கொல்லைப்புறச் சந்து வழியாக வந்து சேரும்.

தேவதானப்பட்டி கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே என் தாத்தாவுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கொல்லையில் ஒரு பலகையைப் போட்டு உட்காருவார். எதிரே நாவிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடைப்பத்தை அவிழ்ப்பார். சவரக் கத்தி, சாணைக்கல், தோல் வார், கிண்ணி, நகவெட்டி, காதுக் குறும்பி வாங்கி, படிகாரக் கட்டி - ஒவ்வொன்றாக வெளியே வரும். கத்தி வாரில் ஏறி இறங்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சோப்புக் கிடையாது, வெறும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் கன்னத்தைப் பதப்படுத்துவார். கடைசியில் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்ப்பார். தாத்தா முகத்தைச் சுளிப்பார். ஊர் சமாசாரம் அத்தனையும் அதற்குள் பேசி முடிந்திருக்கும்.

அதற்குக் காசு கிடையாது. அறுவடையானதும் களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். இப்படி ஊர்த் தொழிலாளிகளுக்குக் களத்தில் கொடுக்கிற பங்குக்கு என்ன பெயர் தெரியுமா? சுதந்திரம்! இந்தப் பெயரை வைத்தவருக்கு ஹாஸ்ய உணர்ச்சி நிறைய இருந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அவர் வெறும் க்ஷவரத் தொழிலாளி அல்ல. கட்டி வந்தால் கீறிவிடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாம் நாவிதர்தான். அவர் மனைவிதான் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. மருத்துவர் என்ற பெயர் அந்த ஜாதிக்கு இருப்பது சும்மா இல்லை. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1540-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் நாவிதர்களும் ரண வைத்தியர்களும் ஒரே சங்கமாகச் சேர்ந்தார்கள். 1745-இல் பிரிந்தார்கள். பிரிந்த பிறகு அங்கே ரண வைத்தியரின் அந்தஸ்து உயர்ந்தது. இங்கே கத்தி பட்ட தேகத்துக்குத் தீட்டு என்று குளித்துவிட்டு வீட்டுக்குள் போனோம். நம்மை உலகத்துக்குக் கொண்டுவந்த மருத்துவச்சியின் கணவரைக் கொல்லைப்புறத்தோடு நிறுத்தினோம்.

அவரைப் பற்றி நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது ஏழு வயசு. அவருக்கு அறுபது இருக்கும். பெரியவர்கள் கூப்பிட்ட மாதிரியே நானும் அவரைப் பெயர் சொல்லி, "வா, இங்கே உட்காரு" என்று கூப்பிடுவேன். அவர் என்னைச் "சின்னய்யா" என்பார். ஒருவரும் என்னைக் கண்டிக்கவில்லை. அவருடைய கத்தி என் பிடரியில் இருக்கும்போது நான் அசைந்தால், "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, சின்னய்யா" என்று கெஞ்சுவார். அந்தக் கையில் எவ்வளவு பொறுமை இருந்தது என்பது எனக்கு நாற்பது வயசுக்கு மேல்தான் புரிந்தது.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு பக்கம் இதைவிடக் கசப்பானது. எங்கள் கொல்லைக்கு வந்த அந்தக் கத்தி சேரிக்குப் போகாது. இது ஒரு ஊர்ப் பழக்கம் அல்ல, தேசத்துப் பழக்கம். அம்பேத்கர் தம் பிள்ளைப் பிராயத்தைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்கிறார். ஸதாராவில் நாவிதர்கள் இருந்தார்கள். கொடுக்கக் காசும் வீட்டில் இருந்தது. ஆனாலும் தீண்டத்தகாதவர் பிள்ளைக்கு முடிவெட்ட ஒருவரும் வரமாட்டார். அக்காள்தான் தம்பிகளுக்கெல்லாம் வெட்டிவிடுவாளாம்.

காந்தியடிகளுக்கும் இந்த அநுபவம் கிடைத்தது. பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார நாவிதன் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டான். அவர் ஒரு கத்தரி யந்திரம் வாங்கிக் கண்ணாடியின் முன் நின்று தாமே வெட்டிக் கொண்டார். முன்பக்கம் ஒருமாதிரி தேறிற்று. பின்பக்கம் கெட்டுப் போயிற்று. கோர்ட்டில் நண்பர்கள், எலி கடித்ததா என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் அந்த நாவிதனைக் கோபித்துக் கொள்ளவில்லை. கறுப்பு மனிதனுக்கு வெட்டினால் அவனுடைய வாடிக்கை போய்விடும் என்பதை உணர்ந்தார். நம் ஊர் நாவிதரையும் நாம் இப்படித்தானே தடுத்து வைத்திருக்கிறோம் என்று தம்மையே கேட்டுக் கொண்டார். கத்தியைப் பிடித்த கை ஒருவருடையது; அதைத் தடுத்த கை ஊருடையது.

இந்தச் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு சிறிய தகடு புறப்பட்டது. ஜில்லெட் என்பவர், மழுங்கினால் தூக்கியெறிந்துவிடக் கூடிய மெல்லிய பிளேடைச் சிந்தித்தார். 1903-இல், முதல் வருஷத்தில், விற்ற கருவிகள் 51, பிளேடுகள் 168. மறு வருஷம் கருவிகள் மட்டுமே 90 ஆயிரத்தைத் தாண்டின. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் சுமார் 35 லட்சம் கருவிகளைச் சிப்பாய்களுக்கு வழங்கிற்று. யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்களின் பையில் அந்தப் பழக்கமும் திரும்பிற்று. 1931-இல் ஷிக் என்ற மாஜி ராணுவ அதிகாரியின் மின்சார யந்திரம் கடைக்கு வந்தது. ஆண்பிள்ளை தன் முகத்துக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று ஆயிற்று.

நம் நாட்டில் அந்தத் தகடு செய்த காரியம் வேறு. யாருடைய கத்தி மறுக்கப்பட்டதோ அவருக்குச் சொந்தமாக ஒரு கத்தி கிடைத்தது. சட்டம் பிறகுதான் வந்தது. 1955-ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம், ஜாதியைக் காரணமாகச் சொல்லித் தொழில் செய்ய மறுப்பதைக் குற்றமாக்கிற்று. அப்படியும், முடிவெட்ட மறுத்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அண்மைக் காலம்வரை வந்துகொண்டுதான் இருக்கிறது. தேவதானப்பட்டியில் மூங்கிலணைக் காமாட்சியம்மனுக்கு மூடிய கதவின் முன்னால்தான் பூஜை. வந்தவர் யாராக இருந்தாலும் அந்தக் கதவு திறப்பதில்லை. ஆளைப் பார்த்து மூடிக்கொள்ளும் கதவு மனிதர்கள் செய்தது.

என் தகப்பனார் ஒரு தடவை தாத்தாவுக்குப் பிளேடும் கருவியும் வாங்கி வந்தார். தாத்தா அதைத் தொடவில்லை. "இதுக்கிட்டே என்னத்தப் பேசுறது?" என்று பரணில் வைத்துவிட்டார். நாவிதரின் மகனோ அடைப்பத்தைத் தொடவில்லை. தேனிக்குப் போய், சுழல் நாற்காலியும் நிலைக்கண்ணாடியுமாக ஸலூன் வைத்தான். தாத்தாவுக்கு அது வருத்தம். நாவிதருக்கு வருத்தமா என்று கேட்டேன். "இல்லீங்க, சின்னய்யா. அங்கன காசைக் கொடுத்துட்டு யாரும் உட்காரலாம். அவனும் நெல்லுக்குக் களத்துல நிக்க வேண்டாம்" என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மருமகனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். முகத்தில் பரு இருந்தால் மின்சார யந்திரம் நல்லது. பிளேடு என்றால் குளித்த பிறகு, ரோமம் நனைந்திருக்கும்போது, அது வளரும் திக்கிலேயே இழு. களிம்பை முதலில் முழங்கையில் தடவிப் பார். ஸலூனில் உன் கண்ணெதிரே புதுப் பிளேடு போடச் சொல்.

"சரி மாமா, இதில் எதைத்தான் வாங்குவது?" என்றான்.

"உன் இஷ்டம். ஆனால் ஸலூனுக்குப் போனால், அங்கே இருப்பவரை 'வாங்க, போங்க' என்று பேசு" என்றேன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "வேறே எப்படி மாமா பேசுவது?" என்று கேட்டான்.